மூன்றாம் எண் நூலின் ஆசிரியர்

ஆலங்காப்பேரியில் சந்தை கூடுகிற ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்தரை மணி வண்டியில் ஐம்பத்துமூன்று பேர் வந்து இறங்கினார்கள். கண்டக்டர் கிழித்திருந்த டிக்கெட்டோ ஐம்பத்திரண்டுதான். ஐம்பத்துமூன்றாவது ஆள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்ததை அவர் பார்க்காமல் இல்லை. பார்த்தார், கும்பிடக்கூடச் செய்தார், ஆனால் டிக்கெட் கேட்கப் போன நேரத்தில் எங்கிருந்தோ ஒரு மரியாதை வந்து நாக்கைப் பிடித்துக்கொண்டது என்று பிற்பாடு டீக்கடையில் சத்தியம் செய்தார். இறங்கிய மனிதருக்கு வயது அறுபது இருக்கும், வெள்ளைச் சட்டை, நாலு முழ வேட்டி, மேலே ஒரு பழம்புத்தக வாசனை. வெயில் ஏறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் கொய்யாப்பழக்காரிக்கும் அவள் கூடைக்கும் கூடையை மோந்து பார்த்த ஆட்டுக்கும் காலடியில் நிழல் கிடக்க, அவருக்கு மட்டும் பென்சிலில் வரைந்து ரப்பரால் அழித்தது மாதிரி லேசாக ஒரு தடம் கிடந்தது. அவர் பெயர் கு. அனவரதம்.

"ஆய்வாளர் செண்பகவடிவு வீடு எங்க இருக்கு, அவ்வளவுதான்" என்று அவர் கொய்யாப்பழக்காரியிடம் கேட்டார்.

அவர் ஏன் வந்தார் என்பதைச் சொல்ல வேண்டுமானால், முந்தின நாள் மத்தியானம் கரண்ட் போனதிலிருந்து தொடங்க வேண்டும்.

செண்பகவடிவுக்கு வயது முப்பத்தொன்பது; பெண்கள் கல்லூரி நூலகத்தில் தற்காலிக உதவியாளர்; பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே 'முத்தையா ஜெராக்ஸ்' நடத்துகிற முத்தையாவின் மனைவி; குடியிருப்பு கடைக்கு மேலேயே. இத்தனை வேலைக்கும் நடுவே ஏழு வருஷமாகத் 'தென்மாவட்ட ஏச்சு வழக்குகள்' என்று முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். சந்தை, குழாயடி, பஞ்சாயத்து, கல்யாண வீட்டுப் பந்தி, யார் யாரை எங்கே ஏசினாலும் வடிவு அங்கே நோட்டுப் புத்தகத்தோடு நிற்பாள். நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டு ஏச்சுகளை அட்டைகளில் எழுதி, அகர வரிசையில் அடுக்கி, பதினாலு செருப்பு டப்பாக்களில் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தாள். ஆனால் அவற்றில் ஒன்றைக்கூட, கட்டின புருஷனைப் பார்த்துக்கூட, அவள் வாயால் சொன்னது கிடையாது. அவளுக்குக் கோபம் வந்தால் 'இது சரியில்லைங்க' என்பாள். அதையும் மெதுவாகத்தான் சொல்வாள்.

ஆய்வேடு முடிந்து, தேர்வாளர்கள் படித்து, நல்லபடியாக அறிக்கையும் வந்துவிட்டது. வாய்மொழித் தேர்வு ஒன்றுதான் பாக்கி. ஆனால் புறத்தேர்வாளர் முனைவர் அருள்நங்கை ஒரு நிபந்தனை போட்டிருந்தார்: துணைநூற்பட்டியலில் உள்ள நூற்றியொரு நூல்களுக்கும், அது என்ன சொல்கிறது, ஆய்வுக்கு எப்படி உதவியது, அதன் குறை என்ன என்று குறிப்புரை எழுதித் தேர்வு நாளில் கொண்டுவர வேண்டும். கூடவே தம் கையால் ஒரு வரி: 'நேரில் பார்க்காத நூலைப் பட்டியலில் வைப்பவர்களை நான் தேறவிடுவதில்லை.' அப்படி இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருந்தார் என்பது தமிழ்த்துறை அறிந்த விஷயம். வடிவின் பதிவுக் காலமோ அந்த மாதத்தோடு முடிகிறது. இந்தத் தேர்வில் தவறினால் ஏழு வருஷமும் பதினாலு செருப்பு டப்பாவும் கட்டிலுக்கு அடியிலேயே கிடக்க வேண்டியதுதான்.

அவள் நாகர்கோவில் போனாள், காரைக்குடி போனாள், போன இடத்திலெல்லாம் தும்மித் தும்மி நூறு நூல்களுக்குக் குறிப்பு எழுதிவிட்டாள். அகர வரிசையில் மூன்றாவதாக நின்ற நூல் மட்டும் அகப்படவில்லை. 'அனவரதம், கு., தென்சீமை ஏச்சுகள், கமலவாசினிப் பிரசுரம், ஆலங்காப்பேரி, 1961, ப. 212.' சொந்த ஊரிலேயே அச்சான நூல்! ஆனால் ஊரில் அப்படி ஒரு பிரசுரம் இருந்ததாக யாருக்கும் நினைவில்லை. பதினேழு ஆய்வேடுகள் அதை மேற்கோள் காட்டியிருந்தன. பதினேழும் நாற்பத்துமூன்றாம் பக்கத்திலிருந்து அதே ஒற்றை வரியைத்தான் எடுத்திருந்தன: 'ஏச்சு உறவின் அளவுகோல். அந்நியனை யாரும் மனமார ஏசுவதில்லை.' எந்த நூலகத்தில் கேட்டாலும், "இருந்துச்சும்மா, யாரோ எடுத்துட்டுப் போயிட்டாவ" என்றார்கள். பட்டியலிலிருந்து அதைத் தூக்கவும் முடியாது. வடிவின் முதல் இயலே அந்த வரியின் மேல்தான் நிற்கிறது. போதாததற்கு அதை முதன்முதலில் மேற்கோள் காட்டியவர் அவளுடைய நெறியாளர் பேராசிரியர் கயிலாசமுத்து.

அந்தத் திங்கட்கிழமை மத்தியானம் கரண்ட் போய், மிஷின்களெல்லாம் வாயை மூடிக்கொண்டு, கடையில் ஈ பறக்கிற சத்தம் மட்டும் கேட்டபோது, ஆலங்காப்பேரியில் யாரும் செய்யத் துணியாத, ஆனால் பல்கலைக்கழகங்களில் படித்தவர்கள் பலர் செய்கிற ஒரு காரியத்தை வடிவு செய்தாள். கண்ணால் பார்க்காத நூலுக்குக் குறிப்பு எழுதினாள். 'எளிய நடை. நம்பத் தக்க தரவுகள். ஏச்சைப் பற்றிய முன்னோடி நூல்.' இதுவரை பேனா ஓடியது. 'குறை' என்ற இடம் வந்ததும் நின்றது. குறை சொல்லாவிட்டால் பார்க்கவில்லை என்று தெரிந்துவிடுமே! பேனாவை நெற்றியில் தட்டித் தட்டி யோசித்து எழுதினாள்: 'எல்லா இயல்களும் அவசரமாக முடிகின்றன. நூலாசிரியர் தம் வாழ்நாளில் யாரிடமும் ஏச்சு வாங்கியவராகத் தெரியவில்லை.'

முற்றுப்புள்ளி வைத்ததும் கரண்ட் வந்தது. மறுநாள் பத்தரை வண்டியில் அவரும் வந்துவிட்டார்.

"ஜெராக்ஸா, லேமினேஷனா?" என்று நிமிராமலே கேட்டாள் வடிவு.

"நான் கு. அனவரதம். தென்சீமை ஏச்சுகள். ஆயிரத்தித் தொள்ளாயிரத்து அறுபத்தொண்ணு. அவ்வளவுதான்."

இன்னொருத்தியாக இருந்தால் கூச்சல் போட்டிருப்பாள். வடிவு ஏழு வருஷம் ஆராய்ச்சி செய்தவள், எழுந்து நின்று, முதல் கேள்வியாக, "புத்தகம் கையில வச்சிருக்கீங்களாய்யா?" என்றாள்.

"அதைத்தாம்மா நானும் தேடுதேன். நாப்பத்துமூணாம் பக்கத்துல ஒரு வரி ஞாபகம் இருக்கு. மத்தது எல்லாம் வெள்ளையாக் கெடக்கு, அவ்வளவுதான்."

"கு-ன்னா என்னய்யா? உங்க அப்பா பேரா?"

"தெரியலம்மா. ஒருத்தரும் விரிச்சு எழுதலை."

"இங்க எப்படி வந்தீங்க?"

அவர் பெஞ்சில் உட்கார்ந்தார். பெஞ்சு அதை உணர்ந்ததாகத் தெரியவில்லை. "முப்பத்தஞ்சு வருசமாப் பதினேழு பேரு என்னைச் சொல்லிட்டாவம்மா. 'அனவரதம் நன்கு எடுத்துரைப்பது போல', 'அனவரதம் சுட்டுவது போல'. எல்லாரும் தலைய ஆட்டினாவ. ஒருத்தரும் ஏம்வே இப்பிடி எழுதினீருன்னு கேக்கல. நேத்து மத்தியானம் நீங்கதான் முதமுதலாக் குறை சொன்னீங்க. கூப்பிட்ட மாதிரி இருந்துச்சு. வந்துட்டேன், அவ்வளவுதான்."

முத்தையா எதையும் மிஷினில் போட்டுப் பார்த்தால்தான் நம்புகிற ஆள். வந்தவரின் கையைப் பிடித்து ஜெராக்ஸ் கண்ணாடி மேல் வைத்துப் பொத்தானை அமுக்கினான். கையின் படம் விழவில்லை. தாளின் மேல் ஓரத்தில் 43 என்று எண்ணும் நடுவில் அந்த ஒற்றை வரியும் சுத்தமாக அச்சாகி வந்தன. முத்தையா தாளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தான், புரட்டிப் பார்த்தான், பிறகு மாடிப்படியில் ஏறிக்கொண்டே, "ஏட்டி வடிவு, அரிசி ஒரு ஆளுக்குக் கூடப் போடுதேன்" என்றான்.

ஊரில் ஒரு மனிதர் வந்து சேர்ந்துவிட்டால், அவர் உண்டா இல்லையா என்பதையெல்லாம் ஆலங்காப்பேரி விசாரிப்பதில்லை; எங்கே படுப்பார், எதைச் சாப்பிடுவார், எந்தத் தெருக் கணக்கில் சேர்ப்பது என்பதுதான் கேள்வி. வாசகசாலை மாடியில் பாய் விரித்துக் கொடுத்தார்கள். அடையாள அட்டைக்கு எழுதப் போன இடத்தில் முகவரிச் சான்று கேட்க, முத்தையா பதினேழு ஆய்வேடுகளின் பட்டியல் பக்கங்களை நகலெடுத்து நீட்டினான். பதினேழு இடத்திலும் ஊர்ப்பெயர் ஒன்றாக இருந்ததால் அதிகாரிக்கு மறுத்துப் பேச வழியில்லை. விரல் ரேகை மட்டும் பதியவில்லை. "பீடி சுத்துத பொம்பளைங்க பாதிப் பேருக்குப் பதியல, இவருக்கு என்ன புதுசா" என்று சொல்லி அடுத்த ஆளைக் கூப்பிட்டார் அவர். சவரம் செய்த சுடலைமணி, அனவரதத்தின் தாடியிலிருந்து விழுவது முடியா காகிதத் தூளா என்று சந்தேகப்பட்டாலும், வாடிக்கையாளரைப் பற்றி வெளியே பேசுவது தொழிலுக்கு அழகில்லை என்று ஒரு பன்னிரண்டு பேரிடம் மட்டும் சொன்னான்.

நூலாசிரியர் என்று தெரிந்ததும் ஊர் மரியாதையில் இறங்கிவிட்டது. அதுதான் வினை. அவர் வந்தால் பீடியை மறைத்தார்கள். டீக்கடையில் அவருக்கு மட்டும் கண்ணாடி டம்ளருக்குக் கீழே ஒரு தட்டு வைத்தார்கள். பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குத் தலைமை தாங்கச் சொன்னார்கள். அவர் எழுந்து, "அன்பார்ந்த மாணவர்களே, கல்வி என்பது, அவ்வளவுதான்" என்று உட்கார்ந்துவிட, இத்தனை சுருக்கமான தலைமையுரையை அதுவரை கேட்டிராத பிள்ளைகள் அடித்த கைதட்டலில் புறாக்கள் பறந்தன. வடிவும் பொழுது விடிந்ததிலிருந்து அடைகிற வரை "ஐயா, ஐயா" என்றே அழைத்தாள். அவரோ நாளுக்கு நாள் மெலிந்துகொண்டே வந்தார். உடம்பு இளைப்பது வேறு. இவர் சாயம் போன துணி மாதிரி இளைத்தார். ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைக்காரர்கள் பொன்னாடை போர்த்தினார்கள்; பொன்னாடை அவர் தோளில் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, அவருக்குள்ளேயே நழுவி நாற்காலியில் போய் விழுந்தது. கூட்டம் அதைப் பார்த்துவிட்டு, பொன்னாடை வழுவழுப்பு என்று முடிவு செய்துகொண்டு கலைந்தது.

வடிவு மட்டும் பொன்னாடையைத் தடவிப் பார்த்தாள்; அது சொரசொரப்பாகத்தான் இருந்தது. அன்று சாயங்காலம் அவர் அவளுடைய செருப்பு டப்பாக்களைத் திறந்து வைத்துக்கொண்டு, அட்டை அட்டையாகப் படித்துக் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். அவருடைய வயிற்றின் வழியாக எதிர்ச் சுவரின் காலண்டர் தெரிந்தது. "என்ன அழகா ஏசியிருக்காவம்மா! என்னையும் யாராவது, அவ்வளவுதான்."

அடுத்த செவ்வாய்க்கிழமை சந்தையில் அது நடந்தது. வடிவின் அட்டைகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்டவை கருவாட்டுக்கடை பேச்சித்தாய் வாயிலிருந்து வந்தவை. ஐம்பது வயது, கட்டைக் குரல், சந்தைக்கு அந்தக் கோடியில் அவள் ஏசினால் இந்தக் கோடியில் தராசு ஆடும். வடிவுக்குப் பின்னாலேயே வந்த அனவரதம், நடையில் கவனமில்லாமல், விரித்து வைத்த சாளைக் கருவாட்டின் மேல் நேராகக் காலை வைத்துவிட்டார்.

"ஏ கோட்டிக்காரப் பயலே!" என்று எழுந்தாள் பேச்சித்தாய். "கண்ணு என்ன பொடதியிலயா இருக்கு? நான் யாவாரத்துக்கு விரிச்சிருக்கேனா, நீ நடக்கதுக்குப் பாய் விரிச்சிருக்கேனா? மூஞ்சியப் பாரு, ஊற வச்ச அப்பளம் மாதிரி! எடு காலை, கூறுகெட்ட மூதி!"

"எக்கா, எக்கா, அவிய பெரிய நூலாசிரியர்..." என்று வடிவு குறுக்கே விழுந்தாள்.

"ஆசிரியருன்னா கருவாட்டுல நடக்கணும்னு சட்டமா?"

ஆனால் ஜனங்கள் பேச்சித்தாயைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார்கள். அனவரதத்தின் காலடியிலிருந்து ஒரு நிழல் கிளம்பி, முழங்கால் வரைக்கும், இடுப்பு வரைக்கும், மை ஊறுவது போலக் கருத்துக்கொண்டு வந்தது. கருவாட்டில் அவருடைய காலின் தடம், ஐந்து விரலும் தெரிய, பதிந்திருந்தது. அவர் கண்ணில் தண்ணீர். "இன்னும் கொஞ்சம் ஏசுங்கம்மா" என்றார்.

பேச்சித்தாய் தடத்தைப் பார்த்தாள், நிழலைப் பார்த்தாள். பிறகு அவள் திரும்பி, "ஏ தாயிகளா, இந்த மனுசனுக்கு மருந்து இதாம்லா, ஆளுக்கு ஒரு வாய் ஊத்துங்கட்டி" என்று குரல் கொடுக்க, காய்கறிக்காரியும் வெற்றிலைக்காரியும் பனங்கிழங்குக்காரியும் முறை வைத்து ஏசினார்கள், விளங்காத மூதி என்றார்கள், கரிமுடிவான் என்றார்கள், அவிச்ச நெல்லு மாதிரி முளைக்காமப் போனவனே என்றார்கள், அவர் ஒவ்வொன்றையும் தலை குனிந்து பிரசாதம் போல வாங்கிக்கொண்டு, வீடு திரும்பும்போது மாடிப்படி முதல் தடவையாகக் கிறீச்சிட்டது.

புதன்கிழமை நெறியாளர் கயிலாசமுத்து, வெள்ளிக்கிழமைத் தேர்வு பற்றிப் பேச ஆலங்காப்பேரிக்கு வந்தார். நல்ல மனிதர், அடுத்த வைகாசியில் ஓய்வு பெறப் போகிறவர். கடையில் ஸ்பைரல் கம்பி கோத்துக்கொண்டிருந்த பெரியவரைக் காட்டி, "இவிய கு. அனவரதம், ஐயா" என்று வடிவு சொன்னதும், பேராசிரியர் நின்ற இடத்திலேயே ஜெராக்ஸ் தாள் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அவரை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய்த் தண்ணீர் கொடுத்தாள்.

"நூறு புத்தகம் இருந்துதும்மா என் பட்டியல்ல" என்றார் கயிலாசமுத்து, டம்ளரைப் பார்த்துக்கொண்டே. "எங்க வீட்டுல சாமிக்குத் தேங்கா உடைச்சாக்கூட நூத்தியொண்ணுதான். நூறோட நிறுத்துனா வெளங்காதுன்னு அம்மா சொல்லுவா. மறுநாள் டைப்பிஸ்ட் கையில குடுக்கணும். இந்த ஊரு பஸ் ஸ்டாண்டுல வண்டி பஞ்சர். எதுத்தாப்புல 'அனவரதம் ஜவுளி'ன்னு ஒரு போர்டு. பக்கத்துல ஒரு பானை, குடிநீர்னு எழுதியிருந்துச்சு. அதுலருந்து ஒரு எழுத்து எடுத்தேன். நாப்பத்துமூணு, எங்க ஊரு பஸ்ஸோட நம்பரு."

"அந்த வரி, ஐயா?"

"அது எங்க அம்மா என்னை ஏசினதை நெனைச்சு நான் எழுதினது. என் பேருல போட்டா யாரு மதிப்பா? சின்னப் பயல்லா அப்போ." அவர் மூக்கைத் துடைத்தார். "வடிவு, அதை அடிச்சிரு. அந்தம்மா கேட்டா உன்னால பதில் சொல்ல முடியாது."

அவர் போன பிறகு வடிவு பட்டியலை எடுத்து, மூன்றாம் எண் மேல் பென்சிலால் லேசாக ஒரு கோடு இழுத்தாள். கீழே கடையில் தடால் என்று சத்தம். ஓடிப் பார்த்தால், அனவரதம் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். முழங்காலுக்குக் கீழே வேட்டி மட்டும் காற்றில் ஆடுகிறது. மேலே ஓடி வந்து ரப்பரால் தேய்தேய் என்று தேய்த்தாள், தாள் கிழிந்து, கீழே அவர் கால் திரும்புகிற மட்டும்.

முத்தையா வழி கண்டுபிடித்தான். வியாழக்கிழமை மத்தியானம் நாலு தாளைக் கொண்டுவந்து பெருமையாக நீட்டினான்; டீ டிக்காஷனில் முக்கி வெயிலில் காயவைத்தது, பழைய எழுத்தில் 'தென்சீமை ஏச்சுகள், 1961' என்று அச்சடித்தது. "இன்னும் இருநூத்தியெட்டுப் பக்கம்தான். ராத்திரி கண்ணு முழிச்சா முடிஞ்சுது."

"இது சரியில்லைங்க" என்றாள் வடிவு.

"அப்ப இன்னொண்ணு சொல்லுதேன். அந்தப் பதினேழு பேருல பதினோராவது ஆளு யாரு? அருள்நங்கை! அவங்க ஆய்வேட்டுலயும் நாப்பத்துமூணாம் பக்கம் இருக்குல்லா. அவங்க கேட்டா, நீயும் திருப்பிக் கேளு."

"அது ஏச்சுகூட இல்லைங்க. மிரட்டல்."

மூலையிலிருந்து அனவரதம் பேசினார். "அடிச்சிருங்கம்மா. உங்களுக்கு ஏழு வருசம். எனக்குப் பத்து நாளு. சுண்டைக்கா வத்தக்குழம்பு சாப்பிட்டாச்சு, சந்தை பாத்தாச்சு, ஏச்சு வாங்கியாச்சு. வெள்ளைத் தாளுக்கு இது போதும், அவ்வளவுதான்."

அவர் சாப்பிட்டு வைத்த தட்டை எடுக்கக் குனிந்த வடிவு, எடுக்காமலே போய்விட்டாள்.

வாய்மொழித் தேர்வு பொதுத் தேர்வு. யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம் என்பது பல்கலைக்கழக விதி. விதி எழுதியவர்கள் ஆலங்காப்பேரிச் சந்தையை நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மினிபஸ் பிடித்து வந்திறங்கிய கூட்டத்தில் கருத்தரங்க அறை முழுவதும் வெற்றிலையும் கருவாடும் மணந்தன; மாணவர்களுக்கு வைத்திருந்த பிஸ்கட்டைப் பேச்சித்தாய் தன் வரிசைக்கு முதலில் பங்கு வைத்துவிட்டாள். அனவரதம் முன்வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

அருள்நங்கை ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மாள். ஒரு மணி நேரம் கேள்வி கேட்டார். வடிவு தங்குதடையின்றிப் பதில் சொன்னாள். பிறகு அவர் குறிப்புரைப் பட்டியலைப் புரட்டி, கிழிந்திருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"மூன்றாம் எண். இந்த நூலை நீங்கள் நேரில் பார்த்தீர்களா?"

வடிவு அனவரதத்தைப் பார்த்தாள். அவர் 'சொல்லுங்கம்மா' என்பது போலத் தலையசைத்தார்.

"நூலைப் பார்க்கவில்லை அம்மா. பார்க்காமலே குறிப்பு எழுதினேன். என் தவறு."

"தவறு அவளுடையது இல்லை." கயிலாசமுத்து மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். "அப்படி ஒரு நூலே கிடையாது. முப்பத்தைந்து வருஷத்துக்கு முன்னால் நான் இட்டுக்கட்டியது."

உண்மையைச் சொன்னவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல் வாயிலிருந்து விழுந்த நொடியிலேயே அனவரதத்தின் கால் போயிற்று, கை போயிற்று, சட்டைப் பொத்தான்கள் வரிசையாக அணைந்தன, நாற்காலியின் முதுகில் எழுதியிருந்த 'தமிழ்த்துறை' என்ற எழுத்து அவர் நெஞ்சின் வழியாகப் பளிச்சென்று தெரிந்தது. பேச்சித்தாய் எழுந்து அவளுக்குத் தெரிந்ததையெல்லாம் ஏசிப் பார்த்தாள்; பலிக்கவில்லை. முகம் மட்டும் மிச்சம். அந்த முகம் வடிவைப் பார்த்து, "நான் வரட்டுமாம்மா... அவ்வளவு..." என்றது.

அப்போது வடிவுக்கு உள்ளே ஏதோ ஒன்று, ஏழு வருஷமாக அகர வரிசையில் அடுக்கி மூடி வைத்திருந்த ஏதோ ஒன்று, பதினாலு டப்பாவும் ஒரே நேரத்தில் கவிழ்ந்தது மாதிரி சரிந்தது.

"எங்கடா போற, கோட்டிக்காரப் பயலே!" என்றாள்.

முத்தையாவின் கையிலிருந்த பிஸ்கட் விழுந்தது.

"எங்க போறேங்கேன்? உன்னைத் தேடி எத்தனை ஊரு நூலகத்துல தும்மியிருப்பேன், சவத்து மூதி! எழுதாத புத்தகத்துக்கு ஆசிரியனாம், ஏசத் தெரியாதவனுக்கு ஏச்சுப் புத்தகமாம்! சொல்லாமக் கொள்ளாம வந்து, பத்து நாளு என் கையால வத்தக்குழம்பு தின்னுட்டு, தின்ன தட்டைக்கூடக் கழுவாம வச்சிட்டு வந்திருக்கியே, கூறுகெட்டவனே, அதை யாரு, உங்க கமலவாசினிப் பிரசுரம் வந்து கழுவுமா? போனா நாளைக்குக் காலையில அந்தத் தட்டை நான் எப்பிடிடா எடுப்பேன்? ஒழுங்கு மரியாதையா..." அவள் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியை நோக்கிக் கையை நீட்டினாள். "ஒழுங்கு மரியாதையா உக்காருடா, எடுபட்ட பயலே!"

நாற்காலி படாரென்று முறிந்தது. அறுபது வயது ஆளின் முழு எடை, எலும்பும் சதையும் கனமான நிழலுமாக, தரையில் உட்கார்ந்து இடுப்பைத் தேய்த்துக்கொண்டிருந்தது. சந்தை எழுந்து நின்று குலவையிட்டது. முத்தையா, "ஏட்டி, இத்தனை நாளு இது எனக்குத் தெரியாமப் போச்சே" என்று பயமும் பெருமையுமாக முணுமுணுத்தான்.

அருள்நங்கை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பதினேழு பேரில் நானும் ஒருத்தி. பட்டியலைப் பார்த்துப் பட்டியல் எழுதினேன்" என்றார் தணிந்த குரலில். பிறகு மாட்டிக்கொண்டு, தரையில் இருந்தவரைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஆனால் ஒன்று. உங்கள் நாற்பத்துமூன்றாம் பக்கத்தோடு எனக்கு உடன்பாடு கிடையாது. அந்நியனை மனமார ஏசுவதில்லையாம்! நான் தினமும் ஆட்டோக்காரர்களை மனமாரத்தான் ஏசுகிறேன்."

முப்பத்தைந்து வருஷத்தில் முதல் மறுப்பு. அனவரதத்தின் கன்னத்தில் ரத்தம் ஏறியது. "அப்பிடி விடக் கூடாது அம்மா, இது விவரமாப் பேச வேண்டிய சங்கதி. தினமும் ஏசுதீங்கன்னா அவன் அந்நியனா? உக்காருங்க, நானும் ஒரு நாற்காலி பாத்துட்டு வாறேன், முதல்லருந்து பேசுவோம்" என்றார். முடிவில் 'அவ்வளவுதான்' வரவில்லை என்பதை வடிவு மட்டும் கவனித்தாள்.

அவர்கள் சாயங்காலம் வரைக்கும் பேசினார்கள். நடுவில் ஒரு இடைவெளியில் அருள்நங்கை அறிக்கையில் கையெழுத்துப் போட்டார்: 'பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன். ஒரு வாரத்துக்குள் மூன்றாம் எண் குறிப்பை உள்ளது உள்ளபடி திருத்தி எழுதித் தர வேண்டும்.'

வடிவு அன்றைக்கே எழுதினாள். மினிபஸ்ஸின் குலுக்கலில் எழுத்துகள் கொஞ்சம் கோணல். ஆனால் நூற்றியொரு குறிப்புகளில் அவள் பேனாவை நிறுத்தாமல் எழுதியது அது ஒன்றுதான் என்று முத்தையா சொல்வான். இன்றைக்கும் பல்கலைக்கழகத்தில் ஆய்வேட்டை எடுத்துக் கடைசிப் பக்கங்களைப் புரட்டினால் அது இருக்கும்:

'3. அனவரதம், கு., தென்சீமை ஏச்சுகள். நூல் கிடையாது. ஆசிரியர் இருக்கிறார். செவ்வாய்க்கிழமைகளில் ஆலங்காப்பேரிச் சந்தையில், பேச்சித்தாய் கருவாட்டுக் கடைக்குப் பக்கத்தில் காணலாம். நேரில் பார்க்கப்பட்டது. குறை: சாப்பிட்ட தட்டைக் கழுவுவதில்லை. பார்க்கப் போகிறவர்கள் மரியாதையாகப் பேச வேண்டாம்.'